வெளிநாட்டிலிருந்து குதிரை வாங்குகிறீர்களா? மலிவு விலையில் மறைந்திருக்கும் செலவுகளும் மோசடிகளும்

பந்தயம், குதிரையேற்ற விளையாட்டு, இனப்பெருக்கம் ஆகியவற்றுக்காக ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களிலிருந்து குதிரை வாங்க விரும்பும் இந்தியர்கள் முதலில் கவனிப்பது விளம்பரத்தில் உள்ள விலையைத்தான். ஆனால், குதிரை இந்திய லாயத்தை வந்தடையும் வரை ஆகும் மொத்தச் செலவில் அது ஒரு பகுதி மட்டுமே.

விமானக் கட்டணம், நோய்ப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் ஆகியவற்றுக்கான செலவு, விலை குறைந்த குதிரைக்கும் விலை உயர்ந்த குதிரைக்கும் ஏறத்தாழ ஒன்றே. காப்பீடும் வரிகளும் தனி. எனவே, மிக மலிவாகக் கிடைக்கும் குதிரை இறுதியில் மலிவாக அமைவது அரிது.

ஏல விலையிலும் கவனம் தேவை. 1766-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரிட்டனின் டாட்டர்சால்ஸ் ஏல நிறுவனம் இன்றும் 'கினி' என்ற பழைய கணக்கிலேயே விலை கூறுகிறது. ஒரு கினி என்பது 1.05 பவுண்டு. அதாவது, 10,000 கினிக்கு ஏலம் எடுத்தவர் 10,500 பவுண்டு செலுத்த வேண்டும்.

அடையாளமும் வயதும்

ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஒவ்வொரு குதிரைக்கும் அடையாளக் கடவுச்சீட்டு கட்டாயம். அதிலுள்ள 15 இலக்க மைக்ரோசிப் எண், குதிரையின் உடலில் உள்ள சிப்பின் எண்ணுடன் பொருந்துகிறதா என்பதைக் கருவி மூலம் சரிபார்க்க வேண்டும். கடவுச்சீட்டு உரிமைப் பத்திரம் ஆகாது. விற்பவரே உரிமையாளர் என்பதற்குத் தனிச் சான்று கேட்பது அவசியம்.

பந்தயக் குதிரைகளின் வயது வட அரைக்கோளத்தில் ஜனவரி 1 முதலும், ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 1 முதலும் கணக்கிடப்படுகிறது. ஆகவே, விளம்பரத்தில் உள்ள வயதை மட்டும் நம்பாமல் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை

விற்பவரின் குதிரைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரைத் தவிர்த்து, வாங்குபவரே ஒரு கால்நடை மருத்துவரை நியமிப்பது பாதுகாப்பானது. பிரிட்டனில் இப்பரிசோதனை ஐந்து கட்டங்களாக நடைபெறுகிறது: நின்ற நிலையில் சோதனை, நடையும் துள்ளோட்டமும், சவாரியுடன் கடும் பயிற்சி, ஓய்வு, மீண்டும் துள்ளோட்டம். நொண்டலை மறைக்க வலிநிவாரணியோ, முரட்டுத்தனத்தை மறைக்க மயக்க மருந்தோ கொடுக்கப்பட்டதா என்பதைப் பின்னர் அறிய, இரத்த மாதிரியும் எடுத்து வைக்கப்படுகிறது. கால்களின் எக்ஸ்ரே படங்களையும் கேட்டுப் பெறலாம்.

மோசடியின் அறிகுறிகள்

"குதிரை இலவசம், அனுப்பும் செலவை மட்டும் செலுத்துங்கள்" என்ற விளம்பரம் பரவலாக அறியப்பட்ட மோசடி முறை. நேரில் பார்க்க அனுமதி மறுப்பது, வேறொருவர் பெயரிலான வங்கிக் கணக்குக்கு முன்பணம் கேட்பது, "இன்றே முடிவெடுக்க வேண்டும்" என அவசரப்படுத்துவது ஆகியவையும் எச்சரிக்கை அறிகுறிகளே. குறிப்பிட்ட நாளில் எடுத்த காணொலி கேட்டால் நேர்மையான விற்பனையாளர் தயங்கமாட்டார்.

இந்திய விதிகள்

கால்நடை இறக்குமதி, 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்படுகிறது. மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறையின் சுகாதார நிபந்தனைகளைக் குதிரை நிறைவு செய்ய வேண்டும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய நகரங்களில் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையங்கள் செயல்படுகின்றன. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் நடப்பு இறக்குமதிக் கொள்கையையும் வரி விகிதங்களையும் பணம் செலுத்தும் முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

குறை தெரிந்த பின் குதிரையைத் திருப்பி அனுப்புவது நடைமுறையில் மிகக் கடினம். நோய்ப் பரவல் அச்சத்தால், இந்தியாவிலிருந்து குதிரைகள் நுழைவதற்குப் பல நாடுகள் கடும் கட்டுப்பாடுகளை விதித்துள்ளன. மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மையத்தை, நோயற்ற குதிரை வளாகமாக உலக விலங்கு சுகாதார அமைப்பு 2025 ஜூலையில் அங்கீகரித்தது. அது அந்த வளாகத்துக்கு மட்டுமே பொருந்தும்.

இதனால், பரிசோதனையில் தேறினால் மட்டுமே விற்பனை இறுதியாகும், பயணக் காலத்தில் குதிரைக்கு இழப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற இரு விஷயங்களையும் ஒப்பந்தத்தில் எழுத்துப்பூர்வமாகச் சேர்த்த பின்னரே முன்பணம் கொடுப்பது நல்லது.