மரத்தோணியின் உறுப்புகள்: பெயர்களும் கட்டும் முறையும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஒரு காரின் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு. நம் கடற்கரை ஊர்களில் கட்டப்பட்ட மரத்தோணியின் பாகங்களுக்கு எண் இல்லை, பெயர் உண்டு. தோணியை யார் கட்டினார்கள், யாரோடு சேர்ந்து கடலோடினார்கள் என்பதை அந்தப் பெயர்களே சொல்லும்.

உடல்

தோணியின் முதுகெலும்பு ஏரா. அடியில் முன்னிருந்து பின்வரை நீளும் கனமான மரம் அது. முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். ஏராவின் இருபுறமும் விலா எலும்பு போல் எழும் வளைந்த மரங்கள் வங்கு. வங்கின்மேல் பலகைகள் அறையப்படும். நடுவே பாய்மரம், அதில் பாயைத் தாங்கும் குறுக்குக் கழி பருமல்.

கட்டும் முறை

தோணி கட்டும் தச்சர் ஓடாவி எனப்படுவார். அதிராம்பட்டினம் உள்ளிட்ட பாக் நீரிணைக் கரைகளில் ஓடிய வத்தை எனும் படகு, வங்கை முதலில் நிறுத்திப் பிறகு பலகை அறையும் வகையைச் சேர்ந்தது. ஓடாவி ஏராவைக் கிடத்தி, முன்னும் பின்னும் மரங்களை நிறுத்துவார். வங்கின் வளைவைக் காகிதத்தில் வரைவதில்லை. பலகையில் கீறி வைத்த அளவிலிருந்து எடுப்பார். வங்குக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த கருவேலம் போன்ற மரம் வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் அதன் நார் வெட்டுப்பட்டு வலு குறையும். பலகை அறைந்தபின் இடுக்குகளில் பஞ்சுத்திரி அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவர். நீர் புகாமல் காக்கும் இந்த அடைப்பு வேலைக்குக் கலப்பற்று என்று பெயர்.

ஆணியா, கயிறா?

எல்லாப் படகும் ஆணியால் கட்டப்பட்டவை அல்ல. துறைமுகம் அமையும் முன், சென்னையில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகுக்கு வங்கும் இல்லை, ஆணியும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். கரையில் அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். 1183-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பயணி இப்னு ஜுபைர், செங்கடலில் இதேபோல் தென்னங்கயிற்றால் தைத்த படகுகளைக் கண்டார். அவற்றின் மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது என்றும் எழுதினார்.

நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலைக் குர்ஆன் (54:13) பலகைகளும் 'துஸுர்' என்பவையும் உடையது என்று வர்ணிக்கிறது. துஸுர் என்றால் ஆணி என்பதே பெரும்பாலோர் தரும் விளக்கம். பலகைகளைப் பிணைக்கும் ஈச்சநார்க் கயிறு என்ற பொருளும் அரபு அகராதிகளில் உண்டு. இரு முறைகளையும் கண்ட மொழி அது.

அரபு தந்த பெயர்கள்

ஏரா, வங்கு, அணியம், பலகை என உடலின் பெயர்களைத் தமிழில் சொல்கிறோம். திசை திருப்பும் சுக்கானோ அரபியின் 'சுக்கான்'. நங்கூரம் பாரசீகத்தின் 'லங்கர்'. வழிகாட்டும் மாலுமி அரபியின் 'முஅல்லிம்'. மதரஸாவில் ஓதிக்கொடுப்பவரை அழைக்கும் அதே சொல்லால்தான் கடலில் வழி தெரிந்தவரையும் அழைத்தார்கள். உடலை நம் ஓடாவி கட்டினார். கடல்வழியின் மொழியை அரபுக் கடலோடிகளோடு பகிர்ந்துகொண்டோம். மரைக்காயர் என்ற பெயர் மரக்கலத்திலிருந்து வந்தது என்பாரும், கப்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'மர்கப்' என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இரண்டும் கப்பலையே சுட்டுகின்றன.

இன்று

தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றன. பிற்காலத்தில் எஞ்சின் பொருத்தியபோதும் உடல் மரமாகவே இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு மீன்பிடிக் கரைகளில் ஃபைபர் படகுகள் வெகுவாகப் பெருகின. ஃபைபர் படகை அச்சில் வார்க்கிறார்கள். அதற்கு வங்கின் வளைவை அறிந்த ஓடாவி தேவையில்லை. அந்தக் கணக்கு பெரும்பாலும் எழுத்தில் இல்லை, கையிலும் நினைவிலுமே இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் தோணி கட்டிய, ஓட்டிய பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்லும் பெயர்களையும் அளவுகளையும் இளைஞர்கள் கைப்பேசியிலாவது பதிவு செய்துவைக்கட்டும். அவர்கள் போனபின் கேட்டறிய வேறு ஆள் இருக்க மாட்டார்.