பலகணியும் நடுகல்லும்

போரிற் பட்டாரைப் பேணி நினைத்தல் மக்களினத்தார் யாவர்க்கும் பொதுவாய வழக்காகும். அந்நினைவின் வடிவம் நாட்டுக்கு நாடு வேறுபடினும், பட்டாருள் யார் பெயரை எழுதி வைத்தனர் என்னும் வினா யாண்டும் ஒன்றே. அதனை மேனாட்டுப் பலகணி, தமிழ்நாட்டு நடுகல் என்னும் இரண்டன்கண் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போருக்குப் பின்னர், இங்கிலாந்தின் ஊர்ச் சேகர ஆலயங்களில் வண்ணக் கண்ணாடிப் பலகணிகள் பல நினைவுச் சின்னங்களாக நிறுவப்பட்டன. கோபால்ட்டு முதலியவற்றால் நிறமேற்றிய கண்ணாடியைத் துண்டுகளாக்கி, முகமும் ஆடைமடிப்பும் தீட்டிச் சூளையிற் சுட்டு, ஈயப் பட்டைகளாற் பிணைத்து அவற்றை அமைப்பர். கவசம் பூண்ட தூய ஜார்ஜ், தூய மிக்கேல் ஆகியோர் உருவங்களைப் பலவற்றிற் காணலாம். உடல் அயல்மண்ணிற் கிடப்பினும், பெயர் பிறந்த ஊரில் நிலைபெறுக என்பதே அவற்றை எடுத்தோர் கருத்து.

அப்போரில் இந்தியர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். வேலூர் மணிக்கூண்டுக் கல்வெட்டு, அவ்வூரினின்று 277 பேர் சென்றனர் என்றும், அவருள் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் கூறுகின்றது; பெயர் ஒன்றேனும் கூறிற்றில்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இந்தியருள் அதிகாரிகள் பெயரே பொறிக்கப்பட்டது. ஏனையோர் எண்ணிக்கையாகவே நின்றனர். பட்டார் தொகை மிக்கமையின் பெயரெழுதல் அரிதாயிற்று என்பார் உளராயின், அது பொருந்தாது. பெல்ஜியத்து ஈப்பர் நகரின் மெனின் வாயில் 54,000க்கு மேற்பட்ட பெயர்களைத் தாங்கி நிற்கின்றது. இவ்வேற்றுமையைப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

இனித் தமிழர் நெறியை நோக்குவாம். கல்லைக் காண்டல் முதல் வாழ்த்துதல் ஈறாக நடுகல்லின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. கொங்கு நாட்டிற் புலிகுத்திக் கற்கள் மிகுதி. புலியொடு பொருது மாண்டோர்க்கு அவை எடுக்கப்பட்டன. அவற்றுட் பல எழுத்தின்றி நிற்பினும், ஒவ்வொன்றும் ஒருவன் செயலைத் தனியே காட்டுவன. கொங்கிற்கு வடகிழக்கே, செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்மனது 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்றுளது. அது கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பெயரோடு, அவனுக்குத் துணைநின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்து வைத்துளது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டு கழிந்தும் நாயின் பெயர் வாழ்கின்றது. நூறாண்டுக்கு முற்பட்ட வேலூர் வீரர் பதினால்வர் பெயர் அவர்தம் ஊர்க்கல்லில் இல்லை.

எனவே, நினைவுச் சின்னத்தின் பெருமை கண்ணாடியின் ஒளியானாதல் கல்லின் திண்மையானாதல் அமைவதன்று. கடையனையும் பெயர் சுட்டி நினைக்கும் நேர்மையான் அமைவதாம். கோவை, நீலகிரி ஆலயங்களின் பலகணிகளையும் நினைவுப் பலகைகளையும், வயல்வெளியில் மழையிற் கரையும் நடுகற்களையும் ஒருங்கே படியெடுத்து, எழுதப்பட்ட பெயரோடு எழுதாது விடப்பட்டோரையும் ஆராய்தல் வரலாற்று மாணவர் கடன் என்பது எம் துணிபு.