வேலூர் தாதியரின் தொடக்க காலம்

வேலூர் கிறிஸ்தவ வைத்தியசாலையின் விஸ்தாரத்தை இன்று காண்போர், அந்த ஸ்தாபனம் 1900-ஆம் ஆண்டில் வைத்தியர் ஐடா ஸ்கடர் அம்மையாரால் ஒரே ஒரு படுக்கையுடன் ஆரம்பிக்கப்பட்டதென்று கேட்டால் எளிதில் நம்பமாட்டார்கள். இரண்டு வருஷங்களில் ஸ்திரீகளுக்கான ஷெல் ஆஸ்பத்திரி 40 படுக்கைகளுடன் எழுந்துவிட்டது. கட்டடத்துக்குப் பணம் கிடைத்த வேகத்தில் அதில் ஊழியம் செய்யத் தாதியர் கிடைத்துவிடவில்லை.

அந்நியருடைய தேகத்தைத் தொட்டு, புண்ணைக் கழுவி, மலஜலத்தை அப்புறப்படுத்தும் பணியைத் தீட்டென்று கருதிய சமூகத்தில், எந்தக் குடும்பம்தான் தன் பெண்ணை மனமுவந்து அனுப்பும்? ஆகவே பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே முதலில் முன்வந்தனர். 1909-இல் முறையான தாதியர் பயிற்சி தொடங்கியது. வைத்தியசாலைக்கு வரத் துணியாத கிராமத்தாரைத் தேடிக் குடியாத்தம் சாலையில் வைத்தியர் சென்றபோது, மரத்தடியில் கூடியிருந்த ஜனங்களுக்குக் கட்டுக்கட்டி மருந்து கொடுத்த உதவியாளரின் உழைப்பும் சாமானியமன்று. வைத்தியரின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் விழித்திருந்தவளின் பெயரை மறந்துவிடுவது நம் சரித்திரக்காரர்களின் பழைய வியாதி.

அன்று ஊரார் இழிவாக எண்ணிய அத்தொழிலுக்கு, 1946-இல் இந்தியாவில் முதன்முதலாகப் பட்டப்படிப்பு ஏற்படுத்திய கல்லூரிகளுள் இவ்வைத்தியசாலையைச் சேர்ந்த வேலூர்த் தாதியர் கல்லூரியும் ஒன்று.