எலக்ட்ரான் கூடுகளுக்கு ஏன் 'கே'யில் தொடங்கிப் பெயர்?

பள்ளியில் அறிவியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் கூடு கூடாக இருக்கின்றன. முதல் கூடு 'கே', அடுத்தது 'எல்', பிறகு 'எம்', 'என்'. அதிகபட்சம் 2, 8, 18, 32 எலக்ட்ரான்கள். மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியாயிற்று. ஆனால் ஏன் 'ஏ', 'பி', 'சி' என்று பெயர் வைக்கவில்லை?

காரணம், சார்லஸ் பார்க்லா என்ற இங்கிலாந்துக்காரர்.

ஒரு தனிமத்தின் மேல் எக்ஸ் கதிர் பட்டால், அது தனக்கே உரிய எக்ஸ் கதிர்களை வெளியிடும். அவை அலுமினியத் தகடுகளை எவ்வளவு ஊடுருவுகின்றன என்று பார்க்லா அளந்தார். இரண்டு வகை தென்பட்டன. முதலில் 'ஏ', 'பி' என்றுதான் குறித்தார். பிறகு ஒரு சந்தேகம். இவற்றைவிட அதிகமாகவோ குறைவாகவோ ஊடுருவும் கதிர் நாளைக்குக் கிடைத்தால் எந்த எழுத்தைக் கொடுப்பது? அதனால் 1911-ல் பெயரை மாற்றினார். அதிகம் ஊடுருவுவது 'கே', குறைவாக ஊடுருவுவது 'எல்'. இரண்டு பக்கமும் இடம் விட்டாயிற்று!

கவனியுங்கள், அப்போது நீல்ஸ் போரின் அணு மாதிரியே வரவில்லை. அது வந்தது 1913-ல். அதை வைத்து அடுத்த வருடம் வால்டர் காசல் விளக்கம் சொன்னார். உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியே தள்ளப்பட்டால், அந்தக் காலி இடத்துக்கு வெளிக்கூட்டிலிருந்து இன்னொன்று வரும். அப்போது வெளிப்படும் ஆற்றல்தான் பார்க்லா பார்த்த கதிர். ஆக, 'கே' என்பது அணுக்கருவை ஒட்டிய முதல் கூடு. அதற்கும் உள்ளே கூடு கிடையாது.

பின்பக்கம் விட்ட இடம் வீணாகவில்லை. 1916-ல் சீக்பான் 'எம்' வரிசையைக் கண்டுபிடித்தார். முன்பக்கம்தான் வம்பு. அங்கே 'ஜே' என்ற கதிர் இருப்பதாகப் பார்க்லா நம்பினார். 1917-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதன் பிறகும் பல வருடங்கள் 'ஜே'யைத் தேடுவதிலேயே போயின. மற்றவர்கள் சோதித்தபோது அது கிடைக்கவில்லை. 1925-ல் பவுலி தன் விதியைச் சொல்ல, 2, 8, 18 கணக்குக்கும் காரணம் தெரிந்துவிட்டது. இயற்பியல் எங்கோ போய்விட்டது. பார்க்லா 'ஜே'யை விடவில்லை. 1944-ல் இறந்தார்.

தெரியாததற்கு இடம் விட்ட அதே மனிதர், அந்த இடம் காலிதான் என்று மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. 'கே'க்கு முன்னால் உள்ள பத்து எழுத்துகள் இன்றும் அப்படியே காலியாகத்தான் கிடக்கின்றன.