தேய்ந்த காசும் தேயாத காசும்

நாணயங்கள் சேகரிக்கும் நண்பரொருவர் அண்மையில் எமக்கு இரண்டு செப்புக் காசுகளைக் காட்டினார். இரண்டும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பிரித்தானியாவில் அடிக்கப்பட்டவை. ஒன்று பல கைகள் பட்டு மழுங்கியிருந்தது. அதன் எழுத்துக்களை வெளிச்சத்திற் சாய்த்துப் பிடித்தே படிக்க முடிந்தது. மற்றையது நேற்று அடித்ததுபோல் இருந்தது. செம்பின் இயல்பான செந்நிறங்கூட அதிலே எஞ்சியிருந்தது. முன்னதைவிடப் பின்னதற்குப் பன்மடங்கு விலை என்றார் நண்பர். காரணம் கேட்டோம். ‘தரம்’ என்று ஒரே சொல்லில் விடையிறுத்தார். அத்தரம் எதனுடைய தரம், அதனை அளக்கும் கோல் யாருடைய கோல் என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் வினாக்கள்.

இவை அரசன் வெளியிட்ட நாணயங்கள் அல்ல. சுரங்க முதலாளிகளும் ஆலையதிபர்களும் கடைக்காரரும் தத்தம் பெயரால் வெளியிட்டவை. ஆங்கிலத்தில் ரோக்கன் எனப்படும் இவற்றை அடையாளக் காசுகள் எனலாம். முதலாம் சாள்ஸ் மன்னன் 1649இல் சிரச்சேதம் செய்யப்பட்டதையடுத்த ஆண்டுகளில், சில்லறைக்கு வழியின்றிப்போன கடைக்காரர் பலர் தம் பெயரும் தொழிற்சின்னமும் பொறித்த காற் பென்னி, அரைப் பென்னிக் காசுகளைத் தாமே வெளியிட்டனர். 1672இல் அரசு தானே செப்பு நாணயம் அடித்து அவற்றை நிறுத்தியது. ஆயினும் நோய் தீரவில்லை. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், முன்னிலும் கடுமையாக அது மீண்டும் தலைகாட்டியது.

அரச நாணயசாலையின் கவனமெல்லாம் பொன்னின்மீதும் வெள்ளியின்மீதுமே இருந்தது. செம்பு ஏழைகளின் காசு. அதனை மெய்யான நாணயமாகவே அது கருதவில்லை. 1775இன் பின் 1797வரை அது இங்கிலாந்துக்கென அரைப் பென்னியோ காற் பென்னியோ அடிக்கவில்லை. கைத்தொழிற் புரட்சி முழுவேகத்துடன் முன்னேறிய ஆண்டுகள் அவையே என்பது மனங்கொளத்தக்கது. நிலத்தை விட்டு வந்தோர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வாரக்கூலிக்கு உழைக்கத் தொடங்கிய காலம் அது. பொன்னில் வாரம் வாங்கிய நிலப்பிரபுவுக்குச் சில்லறைப் பஞ்சம் ஒரு தொல்லை. கூலியைக் கொண்டு அன்றன்றைய ரொட்டியை வாங்கிய தொழிலாளிக்கோ அது பசி. தொழிலாளர் சிலரைச் சேர்த்து அவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு பெருநாணயத்தைக் கொடுத்தனுப்பிய முதலாளிகளும் இருந்தனர். அதனை மாற்றிப் பங்கிடுவதற்கு மதுக்கடைக்குச் சென்று, அங்கு கூலியில் ஒரு பகுதியை இழப்பது தொழிலாளியின் விதியாயிற்று. கையிலே கிடைத்த சில்லறையும் நம்பத்தக்கதன்று. சுங்கச்சாவடிகளில் தமக்கு மீதியாகக் கிடைக்கும் அரைப் பென்னிகளில் மூன்றிலிரண்டு பங்கு போலியானவை என்று பேர்மிங்ஹாம் ஆலையதிபர் மத்தியூ போல்ரன் 1789இல் எழுதினார்.

இந்நிலையிலேதான் 1787இல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சித் தீவிலிருந்த பாரிஸ் மலைச் செப்புச் சுரங்கக் கம்பனி தனது சொந்தச் செம்பிலே காசு அடித்தது. ஒரு பக்கத்தில் ஓக்கு இலை மாலை சூழ, முக்காடிட்ட துரூயிதுக் குருவொருவரின் தலை. மறுபக்கத்தில் கம்பனியின் எழுத்துச் சின்னமும், கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவோம் என்னும் உறுதிமொழியும். எங்கு கொடுத்து மாற்றலாம் என்பதை அதன் விளிம்பு கூறியது. பென்னி ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் நிறையுடையது. போலிகளோடு ஒப்பிட்டால் நேர்மையான காசு. ஆயின், அச்செம்பின் தாதுக் கற்களைச் சம்மட்டியால் உடைத்துப் பிரித்த பெண்களுக்கு அக்காசிலே இடமில்லை. தொல்பழங்காலத்துக் குருவுக்கு இடமிருந்தது.

அதே ஆண்டில் இரும்பாலை அதிபர் ஜோன் வில்கின்சன் வெளியிட்ட காசு இன்னும் வெளிப்படையானது. அரசனின் தலை இருக்கவேண்டிய இடத்தில் அவர் தமது தலையையே பொறித்தார். மறுபக்கத்தில் உலைக்களம், அங்கே சம்மட்டிப் பொறியருகே ஒரு தொழிலாளி. முதலாளிக்கு முகமும் பெயரும் உண்டு. தொழிலாளிக்குப் பெயர் இல்லை. விளிம்பிலே அவருடைய ஆலைகள் இருந்த ஊர்களின் பெயர்கள். புதிய வர்க்கமொன்று தன் ஆட்சியெல்லையைத் தானே வரைந்து காட்டிய பட்டயம் என இக்காசைக் கூறலாம்.

அரசு கைவிட்ட இடத்தில் தனியார் முயற்சி மக்களுக்கு நல்ல நாணயம் வழங்கியது என வாதிடுவோர் இன்றும் உளர். பொருளியலாளர் ஜோர்ஜ் செல்ஜின் 2008இல் வெளியிட்ட நூல் இவ்வாதத்தை விரிவாக முன்வைக்கிறது. இதில் உண்மை இல்லாமலில்லை. அரச நாணயசாலையின் அலட்சியத்தை நாம் மூடிமறைக்க வேண்டியதுமில்லை. ஆனால் அடையாளக் காசு என்பது ஒரு கடன்சீட்டு. கொடுத்தவர் இருக்கும்வரை, அவர் ஏற்கும்வரை, அவர் இருக்குமிடத்துக்குப் போக முடியும்வரைதான் அதற்குப் பெறுமதி. முதற் காசுகளின் வெற்றியைக் கண்டு, நிறை குறைந்தவையும் வெளியிட்டவர் யாரெனத் தெரியாதவையும் பெருகின. ஆங்கிள்சிக் காசுக்கே போலிகள் தோன்றின. இவற்றின் நட்டம் இறுதியில் யார் தலையில் விழுந்தது? பேரம்பேச வலுவற்று, கொடுத்ததை வாங்கிக்கொண்ட கூலியாளின் தலையிலேயே விழுந்தது. 1797இல் போல்ரனின் நீராவி அச்சியந்திரங்கள் அரசுக்காகச் செப்புப் பென்னிகளை அடித்தன. மீண்டும் 1811 முதல் பெருகிய அடையாளக் காசுகளை 1817ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. கூலியை நாட்டின் நாணயத்திலேயே கொடுக்க வேண்டுமென ஆலைத் தொழிலாளர் பலருக்கு உறுதிசெய்யும் சட்டம் 1831இல் வந்தது.

இனி, தரம் என்னும் வினாவுக்கு வருவோம். இக்காசுகள் புழக்கத்தில் இருந்த நாளிலேயே அவற்றைச் சேகரிக்கும் மோகம் எழுந்தது. இப்சுவிச் நகரத்து ஜேம்ஸ் கொண்டர் 1798இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். சேகரிப்போர் இன்றும் அவற்றைக் கொண்டர் காசுகள் என்றே வழங்குவர். மோகம் வந்தால் வணிகமும் வரும். ஒரு காசின் முன்னச்சோடு வேறொன்றின் பின்னச்சைப் பொருத்தி, ‘அரிய வகை’ என விற்கலாயினர். கட்டடங்களின் உருவம் பொறித்த காசுகளைச் சேகரிப்போருக்கென்றே அடித்து விற்ற இலண்டன் வணிகரும் இருந்தனர். எனவே, இன்று புத்தம் புதிதாகக் கிடைக்கும் காசுகளிற் பல, எந்தத் தொழிலாளிக்கும் கூலியாகச் சென்றவை அல்ல; ஒரு றாத்தல் ரொட்டியைத்தானும் வாங்கியவை அல்ல. அடித்த அன்றே கனவான்களின் பேழைக்குட் புகுந்தவை.

தரங்காணும் முறையை நண்பர் எமக்கு விளக்கினார். காசிலே மேடான பகுதியே முதலில் தேயும். துரூயிதுக் குருவின் தாடியும் கன்னமும், வில்கின்சனின் காதோரக் கூந்தலும் எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவர். பின்னர் விளிம்பு, நிறை, நிறம், பச்சைக் களிம்பு, துலக்கிய தடம் ஆகியவற்றை ஆராய்வர். ‘நன்று’, ‘மிக நன்று’, ‘அதி நன்று’, ‘புழங்காதது’ என்று பொருள்படும் படிகள் பிரித்தானிய வழக்கு. எழுபது புள்ளி கொண்ட அமெரிக்க அளவுகோலும் இன்று வழங்குகிறது. அதனை 1949இல் வகுத்த வில்லியம் செல்டன், எழுபது புள்ளிக் காசு ஒரு புள்ளிக் காசின் எழுபது மடங்கு விலை பெறும் என்ற கணக்கிலேயே வகுத்தார். தரத்தின் அளவுகோல் பிறக்கும்போதே விலையின் அளவுகோலாகப் பிறந்தது.

இக்கலையை நாம் இகழவில்லை. தேய்வு எது, அச்சு சரியாகப் பதியாமை எது எனப் பிரித்தறியும் கண் வரலாற்று மாணவனுக்கும் வேண்டும். போலியை இனங்காணவும் அது உதவும். தேயாத காசொன்று எஞ்சியிராவிடின் தேய்ந்ததன் எழுத்தை நாம் படித்திருக்கவும் முடியாது. நாம் கூறுவது ஒன்றே: சேகரிப்பவன் குறையெனக் கழிப்பது வரலாற்று மாணவனுக்குச் சான்று. தேய்வு என்பது எத்தனையோ கைகளின் ஒப்பம்.

தோமஸ் ஸ்பென்சின் கதை இதற்குத் தக்க உதாரணம். நிலம் அவ்வவ் ஊராரின் பொதுவுடைமையாக வேண்டுமென 1775இல் நியூகாசிலில் உரையாற்றிய இவர், பின்னர் இலண்டனிற் புத்தகக் கடை வைத்து, காசுகளும் விற்றார். புரட்சிக்கு முன், விலங்கு பூண்டு எலும்பைக் கடிக்கும் மனிதனையும், புரட்சிக்குப் பின், உண்டு களிக்கும் மக்களையும் காசிலே பொறித்தார். 1794இல் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். புழக்கத்திலிருந்த நாணயங்களின்மேல் தமது கொள்கை வாசகங்களைக் குத்தி உலவவிட்டார். காசின்மேற் குத்திய மேலச்சு தரத்தைக் குறைக்கும் ஊனமென்பது சேகரிப்போரின் பொதுவிதி. ஆனால் அச்சகமும் மேடையும் மறுக்கப்பட்டவனுக்கு ஏழைகளின் கைக்கு எட்டும் ஏடு அக்காசன்றி வேறு எது?

இவையெல்லாம் கடல்கடந்த நாட்டின் செய்திகள் என ஒதுக்குதற்கில்லை. கோப்பிப் பயிர் செழித்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பு வணிகக் கம்பனிகளும் தம் கோப்பி ஆலைகளுக்கென இத்தகைய காசுகளை வெளியிட்டன. வேக்கந்தை ஆலையின் காசு அவற்றுள் ஒன்று. கோப்பிக் கொட்டை தெரிந்த பெண்களின் விரல்கள் பட்ட அக்காசுகளும் இன்று தரம் பிரிக்கப்பட்டு ஏலத்துக்கு வருகின்றன.

விடைபெறும்போது நண்பர், இரண்டில் எது வேண்டுமெனக் கேட்டார். தேய்ந்ததையே கேட்டு வாங்கி வந்தோம். வகுப்பிலே அதனை மாணவரின் கைகளிற் கொடுத்தோம். இன்னும் சிறிது தேயட்டும்.