மனத்தின் மூடுபனி: அபூ ஸைத் அல்-பல்கீயும் வளரிளம் பருவத்தாரின் எண்ணங்களும்

நிகழ்வைக் காட்டிலும் அந்நிகழ்வைப் பற்றி மனம் வழங்கும் தீர்ப்பே மனிதரைப் பெரிதும் அலைக்கழிக்கிறது என்பது பழமையான கருத்தாகும். இதன் வரலாற்றை எழுதுவோர் பலர் கிரேக்க ஞானி எபிக்டெட்டஸில் தொடங்கி, ஒரே தாவலில் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவிற்குச் சென்றுவிடுகின்றனர். இடைப்பட்ட காலத்தில் அரபு மொழியில் எழுந்த ஒரு நூல் அண்மைக்காலம் வரை உரிய கவனத்தைப் பெறவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் மனச்சோர்வு பற்றிப் பள்ளிகளும் பெற்றோரும் கவலை கொண்டுள்ள இந்நாளில் அந்நூலை நினைவுகூர்வது பொருத்தமானது.

அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-பல்கீ, இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகருக்கு அருகில், ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 850-இல் (ஹிஜ்ரி 235) பிறந்தார். தந்தையார் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்த ஆசிரியர். அபூ ஸைதும் தொடக்கத்தில் அப்பணியையே செய்தார். பின்னர் இராக் சென்று அல்-கிந்தீயிடம் பயின்றார். கவலைகளைப் போக்கும் வழி குறித்துத் தனி ஏடு வரைந்தவர் அல்-கிந்தீ. ஆசிரியரின் அவ்வக்கறை மாணவரிடம் ஒரு முழு நூலாக விரிந்தது. 934-இல் (ஹிஜ்ரி 322) மறைந்த பல்கீயின் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' உடல்நலம், உளநலம் என இரு பகுதிகளைக் கொண்டது. இதன் கையெழுத்துப்படி இஸ்தான்புல் நகரில், அயாசோஃபியா தொகுப்பில் பாதுகாக்கப்பட்டுள்ளது. பேராசிரியர் ஃபுவாத் ஸெஸ்கின் 1984-இல் அதன் நிழற்படப் பதிப்பை வெளியிட்டார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரீ உளநலப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். அது 2013-இல் வெளிவந்தது.

எட்டு இயல்களைக் கொண்ட அப்பகுதியில் சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாத உட்பேச்சு ஆகிய நான்கும் தனித்தனியே ஆராயப்படுகின்றன. உடற்பிணிக்கு முன்கூட்டியே மருந்து சேர்த்து வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நலம் தரும் எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்கிறார் பல்கீ. புயலடிக்கும்போது படகு கட்ட முற்படுவது பயன் தராது அல்லவா? சிறு தொல்லைகளைப் பொறுத்துப் பழகினால்தான் பெருந்தொல்லையைத் தாங்க முடியும் என்றும் அவர் கூறுகிறார். உள்ளிருந்து எழும் எண்ணத்துடன், நம்பத்தக்க பிறரின் அறிவுரையையும் மருந்தாகவே கருதுகிறார்.

அச்சம் பற்றிய இயலில் அவர் தரும் உவமை சிறப்பானது. பாலைவனத்தில் வாழ்ந்த ஒருவன் முதன்முறையாக மூடுபனியைக் காண்கிறான். தொலைவிலிருந்து நோக்க, அது ஊடுருவ இயலாத திண்பொருளாகத் தோன்றுகிறது. உள்ளே நுழைந்தபின்னரே அது ஈரக் காற்றன்றி வேறில்லை என அறிகிறான். இவ்வுவமை தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு விளக்கமின்றியே புரியும். சேர்வராயன் மலை அவர்களுக்கு அண்மையில் நிற்கிறது. அவர்களுடைய வாணியாறு அங்குதான் ஊற்றெடுக்கிறது. பனிமூட்டம் மலையை மறைக்குமேயன்றி அழிப்பதில்லை என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர் ஆரன் பெக் (1921–2021), 1960-களில் மனச்சோர்வுற்றோரைக் கூர்ந்து நோக்கி, அவர்களுடைய உள்ளத்தில் தாமாகவே எழும் எண்ணங்கள் சில அச்சுகளில் வார்க்கப்பட்டிருப்பதைக் கண்டார். கணக்குத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற எட்டாம் வகுப்பு மாணவனை எண்ணிப் பார்ப்போம். "எனக்கு எதுவுமே வராது" என்பது ஒன்றைக் கொண்டு அனைத்தையும் அளப்பது. "எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்பது பிறர் மனத்தைத் தானே படித்துவிட்டதாகக் கொள்வது. "இனி என் வாழ்வு முடிந்தது" என்பது சிறு கல்லை மலையாக்குவது. "நான் மக்கு" என்பது ஒரு செயலின் குறையை ஆளுக்கே பெயராகச் சூட்டுவது.

இவ்வெண்ணங்களை அதட்டி அடக்குவதால் பயனில்லை. "அப்படியெல்லாம் நினைக்காதே" என்னும் கட்டளை, பிள்ளையின் வாயை மூடுமேயன்றி மனத்தை மூடாது. இதற்குச் சான்று என்ன? மாறான சான்று உண்டா? உன் நண்பனுக்கு இது நேர்ந்தால் அவனிடம் என்ன சொல்வாய்? இம்மூன்று வினாக்களையும் பிள்ளை தானே கேட்கப் பழகுவதே முறையாகும். அவன் வந்து சேரும் முடிவு இனிப்பான பொய்யாக அன்றி, "பின்னக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை, யாரிடமேனும் கேட்க வேண்டும்" என்பது போன்ற அளவான உண்மையாக இருத்தல் வேண்டும்.

ஆயினும் பல்கீயே இக்காலச் சிகிச்சையைக் கண்டுபிடித்தார் என முழங்குவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. அவருடைய மருத்துவம் நால்வகை உடற்திரவக் கொள்கையைச் சார்ந்தது. பெக் தம் முறையை வந்தடைந்தது மருத்துவமனை அனுபவத்தின் வழியே. இரு வேறு காலத்தார் ஒரே உண்மையை இரு வழிகளில் அணுகினர் என்பதே போதுமான பெருமை. மேலும், காரணம் அறியப்பட்ட துயரம், காரணம் புலப்படாது உடலிலிருந்து எழும் துயரம் எனப் பல்கீ இரண்டாகப் பிரித்து, பின்னதற்கு உடல் மருத்துவமும் தேவை என்றார். எண்ணத்தைத் திருத்தினால் எல்லாம் தீரும் என அவர் எண்ணவில்லை.

இவ்வெச்சரிக்கை நமக்கு இன்றியமையாதது. மழை பொய்த்ததால் பெற்றோர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றுவிட்ட பிள்ளையின் தனிமையும், படிப்பை நிறுத்தி மணம் முடித்துவிடுவார்களோ எனும் சிறுமியின் அச்சமும் மூடுபனியல்ல, பாறை. பாறையைப் பனியென்று சொல்லிக்கொடுப்பது அப்பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. அங்கே மாற வேண்டியது சூழலே.

தமிழகம் இதற்கொரு சான்றைத் தந்துள்ளது. தற்கொலைத் தடுப்புக்காக மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் 'சிநேகா' அமைப்பை நிறுவினார். தேர்வில் தவறிய மாணவர் ஓராண்டு காத்திராது விரைவிலேயே மீண்டும் எழுத வாய்ப்பு வேண்டும் என்று அவ்வமைப்பு வலியுறுத்தியது. துணைத்தேர்வு முறை நடைமுறைக்கு வந்தது. "ஓராண்டே வீணாயிற்று" என்னும் எண்ணம் முன்பு பாதி உண்மையாக இருந்தது. அரசின் ஒரு விதிமாற்றம் அதைப் பொய்யாக்கியது. எண்ணத்தைத் திருத்துவதும் உலகைத் திருத்துவதும் ஒன்றுக்கொன்று துணை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

வினாக்களால் விலகாத இருள் சில பிள்ளைகளைச் சூழ்வதுண்டு. உறக்கமின்மை, உணவு வெறுப்பு, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை தென்பட்டால் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் நாடெங்கும் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தொலைபேசி மனநலச் சேவை தமிழிலும் கிடைக்கிறது. நம்பத்தக்கவரின் சொல்லும் மருந்தே எனப் பல்கீ எழுதி ஆயிரமாண்டுகள் கடந்துவிட்டன. அம்மருந்தை வழங்கும் பொறுப்பு பிள்ளைக்கு மிக அண்மையில் உள்ளவர்களிடமிருந்தே தொடங்குகிறது.