சுவரேறிய போர்வை

புனே பக்கம் மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கோதடி தெரிந்திருக்கும். பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் போர்வை. அதன் ஒன்றுவிட்ட அமெரிக்கச் சகோதரிதான் குவில்ட். எங்கள் வீட்டுத் தங்கமணிக்கு இப்போது அதில்தான் பைத்தியம். அவருக்காக வீட்டிலேயே செய்த டிசைன் வால் பற்றியும், அதன் பின்னால் உள்ள சரித்திரம் பற்றியும்தான் இந்தப் பதிவு. எனக்குத் தெரிந்தது டெபிட், கிரெடிட் மட்டும்தான். சரித்திரமும் கடைசியில் அங்கேதான் போய் நின்றது!

டிசைன் வால் என்பது பெரிய விஷயமில்லை. ஃபிளானல் துணி போர்த்திய ஒரு பலகை. அதில் பருத்தித் துண்டுகளை வைத்து அழுத்தினால் ஊசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். பி.எட். படித்தவர்கள் ஃபிளானல் போர்டு என்று ஒன்று செய்திருப்பீர்களே, அதே தத்துவம்தான். தரையில் பரப்பினால் கிட்டே இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சின்னதாகவும் தெரியும். சுவரில் வைத்துப் பத்தடி தள்ளி நின்றால்தான் எந்த நிறம் எதை அமுக்குகிறது என்பது புரியும்.

இப்படித் தள்ளி நின்று பார்ப்பது, கட்டிலில் கிடந்த போர்வையின் தலையெழுத்தையே மாற்றியது. 1971ல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில், ஜொனாதன் ஹோல்ஸ்டைனும் கெயில் வான் டெர் ஹூஃபும் தாங்கள் சேகரித்த குவில்ட்களை நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டினார்கள். மக்கள் அசந்துபோனார்கள். ஆனால் பெரும்பாலானவற்றை யார் தைத்தது என்பதற்குப் பெயரே இல்லை. போர்வை சுவரேறியது, தைத்த பெண் ஏறவில்லை. 1973ல் பட்ரீஷியா மைனார்டி என்ற ஓவியர் இதைக் காட்டமாகக் கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்.

இனி அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக்கு வருவோம். அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் குத்தகைக்குப் பருத்தி விளைவித்த ஊர். விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன், அறுவடையில் கழிவு. நம்ம ஊர்க் கந்துவட்டிக் கதைதான். 1932ல் கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்துபோக, அவர் வீட்டார் பாக்கிக்காகக் கோவேறு கழுதை, ஏர், கோழி, சேர்த்து வைத்த சோளம் என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவுதான் உயிர் காத்தது. கடன் வசூலைத் தொழிலாகப் பார்க்கும் எனக்கு அந்தப் பத்தியைத் தாண்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

1937ல் ஆர்தர் ராத்ஸ்டைன் அங்கே எடுத்த போட்டோக்களில், வீட்டுச் சுவரெல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருக்கும். குளிர்காற்றுக்கு அதுதான் தடுப்பு. கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த குவில்ட்டுகள்தான் போர்வை.

1965 டிசம்பரில் ஃபிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அந்த வட்டாரத்தில் போகும்போது, துணிக்கொடியில் காய்ந்த குவில்ட்டுகளைப் பார்த்தார். ஓட்டுரிமை கேட்டதற்காகக் கறுப்பினத்தவர்கள் வேலையையும் நிலத்தையும் இழந்துகொண்டிருந்த நேரம். 1966ல் அந்தப் பெண்கள் சேர்ந்து ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 2002ல் ஜீஸ் பெண்ட் குவில்ட்டுகள் ஹூஸ்டனிலும் பிறகு அதே விட்னியிலும் மாட்டப்பட்டன. இந்த முறை தைத்தவர்களின் பெயரோடு! 2006ல் பத்துத் தபால்தலைகளும் வந்தன. பெயர் வந்தால் பணமும் ஒழுங்காக வந்துவிடுமா? சேர வேண்டியது சேரவில்லை என்று சில பெண்கள் 2007ல் வழக்குப் போட்டார்கள். அது 2008ல் முடிவுக்கு வந்தது.

சரி, நம் வீட்டுச் சுவருக்கு வருவோம். ஸ்டேஷனரி கடையில் ஒரு இஞ்ச் கனமுள்ள தெர்மாகோல் ஷீட் நான்கு வாங்கி, பிரவுன் டேப்பால் இணைத்தோம். ஒரு பழைய ஃபிளானல் பெட்ஷீட்டை இழுத்துப் போர்த்தி, பின்பக்கம் ஃபெவிகால் தடவி, குண்டூசி குத்திக் காயவிட்டோம். பெட்ஷீட் வீட்டிலேயே இருந்ததால் செலவு 500 ரூபாயைத் தாண்டவில்லை. ரப்பர் சொல்யூஷன் வகைப் பசை மட்டும் வேண்டாம், தெர்மாகோலைக் கரைத்துவிடும். துணியைப் பலகையில் வைத்தபடியே இஸ்திரி போடவும் கூடாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்கள் பீரோ மேல் சாய்த்துக்கொள்ளலாம், ராத்திரி கட்டிலுக்குப் பின்னால் செருகிவிடலாம். செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள், எது வெளிர், எது அடர் என்பது உடனே பிடிபடும்.

தைத்து முடித்ததும் பின்பக்க மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணி வைத்து, தைத்தவர் பெயர், ஊர், வருடம் மூன்றையும் நூலால் எழுதிவிடுங்கள். ஊர்ப்பக்கம் பாட்டி தைத்த பழைய போர்வை இருந்தால் அதிலும் எழுதுங்கள், பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே. வங்கியில் கையெழுத்தில்லாத வவுச்சரை நாங்கள் ஏற்பதில்லை. போர்வைக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?